கொடிக்கம்பி இறுக்கிய எலுமிச்சை மரத்துக்குப் பட்டைப் பாலம் போட்டது

பெங்களூரு அல்சூரில் நாங்கள் குடியிருக்கும் பழைய வீட்டின் பின்கட்டில் ஒன்பது வயதான நாட்டு எலுமிச்சை மரம் ஒன்று நிற்கிறது. அப்பா விதை போட்டு வளர்த்த மரம், ஒட்டுக்கன்று அல்ல. சென்ற ஆண்டு பிப்ரவரிக் கடைசியில் அதன் கொழுந்துகள் வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும்படி வந்தன. முதிர்ந்த இலைகள் நண்பகலில் குழைந்து மாலையில் நிமிர்ந்தன. "வேருக்குத் தண்ணி எட்டலைம்மா, பாத்திய அகலமா வெட்டி இன்னும் ரெண்டு குடம் ஊத்து" என்றார் அப்பா. பத்து நாள் ஊற்றினோம். மாற்றம் எதுவும் இல்லை. பதினோராம் நாள் ஒரு சாண் ஆழம் தோண்டிப் பார்த்தபோது மண் கையில் ஒட்டும் அளவுக்கு ஈரமாக இருந்தது. குறை தண்ணீரில் இல்லை என்பது அங்கேயே தெரிந்துவிட்டது.

குழியை மூடிக்கொண்டிருந்தபோதுதான் அடிமரத்தின் வடிவம் கண்ணில் பட்டது. தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், ஐந்தாண்டுகளுக்கு முன்பு துணி காயப்போடுவதற்காக நாங்களே கட்டிய ஜி.ஐ. கம்பி இரண்டு சுற்றாக இருந்தது. கம்பியின் பெரும்பகுதி பட்டைக்குள் புதைந்துபோயிருந்தது. கழற்ற முடியாத பழைய மோதிரத்தை மீறி விரல் பிதுங்குவதைப்போல, கம்பிக்கு மேலே தண்டு திரண்டு புடைத்திருந்தது. கம்பிக்குக் கீழே அதே தண்டு மெலிந்திருந்தது. தையல் டேப்பை வைத்து அளந்தேன்: மேலே 29 செ.மீ., கீழே 23 செ.மீ. மரம் என்றால் அடி பருத்து நுனி சிறுக்க வேண்டும். இங்கே கணக்கு தலைகீழாக இருந்தது.

கட்டிங் பிளேயரால் கம்பியை நான்கு இடங்களில் வெட்டி மெதுவாக இழுத்தேன். கம்பியோடு சேர்ந்து பட்டையும் வந்தது. உட்புறம் காய்ந்த புளியங்கொட்டைத் தோலின் நிறத்தில் இருந்தது, ஈரமே இல்லை. கத்தி நுனியால் மேலும் கீழும் சுரண்டிக்கொண்டே போய்ப் பச்சை தெரிந்த இடத்தில் நிறுத்தினேன். செத்த பட்டையை எல்லாம் நீக்கியபின், மரத்தைச் சுற்றி முழுவட்டமாக நாலரை செ.மீ. அகலத்துக்கு வெறும் கட்டைதான் மிஞ்சியது.

அந்த நிமிடத்தில் எனக்கு முந்தைய ஆண்டின் காய்ப்பு நினைவுக்கு வந்தது. அதுவரை காணாத அளவுக்குக் காய்த்து, அக்கம்பக்கத்தார் எல்லோருக்கும் கொடுத்து, இரண்டு ஜாடி ஊறுகாயும் போட்டிருந்தோம். மரம் செழித்துவிட்டது என்று மகிழ்ந்தோம். உண்மையில், இலைகள் தயாரித்த சர்க்கரை கம்பியைத் தாண்டி வேருக்குப் போக வழியில்லாமல் மேலேயே தேங்கி, பூவாகவும் காயாகவும் வெளிப்பட்டிருக்க வேண்டும். திராட்சைத் தோட்டங்களில் பழம் பருக்க வேண்டும் என்று தண்டின் பட்டையை மெல்லிய வளையமாக வேண்டுமென்றே எடுக்கும் வழக்கம் உண்டு. அந்த வளையம் சில மில்லிமீட்டர் அகலமே இருக்கும் என்பதால் சில வாரங்களில் ஆறிவிடும். எங்கள் மரத்துக்கு ஆற வாய்ப்பே தராமல் கம்பி ஆண்டுக்கணக்கில் இறுக்கிக்கொண்டே இருந்தது.

அப்பாவுக்கு ஒரு சந்தேகம் இருந்தது, நியாயமானது. பட்டை முழுவட்டமாகச் செத்துப்போனால் இலை எப்படி இன்னும் பச்சையாக இருக்கிறது? இதற்கு வாயால் பதில் சொல்வதைவிடச் செய்து காட்டுவதே மேல் என்று, அதே மரத்திலிருந்து ஒரே கனமுள்ள மூன்று கிளைக்குச்சிகளை எடுத்தேன். அடி முனைகளை வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்தியபடியே மறுபடி நறுக்கினேன். காற்றில் நறுக்கினால் குழாய்களுக்குள் காற்றுக்குமிழி புகுந்து நீர்த்தொடர் அறுந்துவிடும். முதல் குச்சியை அப்படியே விட்டேன். இரண்டாவதில் இரண்டு செ.மீ. நீளத்துக்குப் பட்டையை முழுவட்டமாக உரித்தேன். மூன்றாவதில் பட்டையைப் பக்கவாட்டில் பிளந்து திறந்து, உள்ளேயிருந்த கட்டையை மட்டும் ஒரு செ.மீ. வெட்டி எடுத்துவிட்டு, பட்டையை மூடி, ஈர்க்குச்சி வைத்துக் கட்டினேன். மூன்றையும் சிவப்புச் சாயம் கலந்த தண்ணீர்ப் புட்டிகளில், காயம் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும்படி நிறுத்தி, தண்ணீர் தானாக ஆவியாகாமல் இருக்க மேலே நாலு சொட்டு எண்ணெய் விட்டேன்.

மூன்றாவது குச்சி அன்று மாலையே துவண்டது. பட்டை உரித்த இரண்டாவது குச்சியோ மூன்றாம் நாளும் முதல் குச்சியைப் போலவே விறைப்பாக நின்றது. இரண்டு புட்டிகளிலும் தண்ணீர் ஏறத்தாழ ஒரே அளவு இறங்கியிருந்தது. நீளவாக்கில் பிளந்து காட்டினேன். கட்டைக்குள் சிவப்புக் கோடுகள் மயிரிழைபோல் ஓடின. பட்டையில் சாயம் இல்லை. அப்பா அந்தப் பிளவைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

தண்ணீர் ஏறுவது சைலம் எனப்படும் கட்டைப் பகுதியில். அதன் குழாய்கள் முதிர்ந்தபின் உயிரற்றவை. உள்ளீடு நீங்கி, லிக்னின் என்ற கடினப் பொருள் ஏறிய சுவர் மட்டும் மிஞ்சிய நுண்குழல்கள். ஏற்றுவது உயிருள்ள செல்களின் துடிப்புதான் என்று ஜகதீஷ் சந்திர போஸ் கருதினார். ஆனால் அதற்கு முன்பே 1890களின் தொடக்கத்தில் தாவரவியலாளர் ஸ்ட்ராஸ்பர்கர் உயரமான மரத்தண்டுகளை நஞ்சுக் கரைசலில் நிறுத்தி, வழியிலிருந்த செல்கள் செத்தபின்னும் நீர் ஏறுவதைக் காட்டியிருந்தார். 1894இல் டப்ளினில் டிக்சன், ஜோலி என்ற இரு விஞ்ஞானிகள் தந்த விளக்கமே இன்றளவும் நிலைத்திருக்கிறது: இலைத்துளைகள் வழியாக நீர் ஆவியாகும்போது இலைக்குள் ஓர் இழுவிசை பிறக்கிறது, நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருப்பதால் அந்த இழுப்பு அறுபடாமல் வேர்வரை இறங்குகிறது. வெறும் காற்றழுத்தத்தால் தண்ணீரைக் கடல்மட்டத்தில் சுமார் 10 மீட்டர்தான் உயர்த்த முடியும். 900 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கும் பெங்களூருவில் அதைவிடச் சற்றுக் குறைவு. லால்பாக்கில் நெட்டையாக நிற்கும் அரௌகாரியா மரங்களின் நுனிக்குத் தண்ணீர் போய்ச் சேருவது இந்த இழுப்பினால்தான். வேர் உறிஞ்சும் நீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் இப்படி ஆவியாகிவிடுகிறது.

உணவு போகும் வழி வேறு. பட்டையின் உட்புறத்தில் புளோயம் என்ற உயிருள்ள திசு இருக்கிறது. அதன் சல்லடைக் குழாய்கள் உட்கருவை இழந்தும் உயிரோடு இருப்பவை. பக்கத்துத் துணைச்செல்கள் அவற்றைப் பேணுகின்றன. இலையில் சர்க்கரை அந்தக் குழாய்களில் ஏற்றப்பட்டதும் சவ்வூடுபரவலால் தண்ணீரும் உள்ளே நுழைந்து அழுத்தம் கூடுகிறது. வேரிலோ காயிலோ சர்க்கரை இறக்கப்படும் இடத்தில் அழுத்தம் குறைகிறது. இந்த வேறுபாடே குழாயிலுள்ள சர்க்கரைப் பாகை நகர்த்துகிறது. 1930இல் முன்ச் என்ற தாவரவியலாளர் முன்வைத்த விளக்கம் இது. அந்த அழுத்தத்தை எலுமிச்சைக் கொழுந்திலேயே பார்க்கலாம். அங்கே மொய்க்கும் அசுவினிகள் ஊசிவாயைச் சல்லடைக் குழாய்க்குள் செருகியபின் பாகு அழுத்தத்தோடு அவற்றின் உடலுக்குள் பாய்கிறது. அவை கழிக்கும் இனிப்புச் சொட்டுக்காகத்தான் எறும்பு வரிசை கட்டி ஏறுகிறது. பட்டையை வளையமாக நீக்கினால் வளையத்துக்கு மேலே வீங்கும் என்பதை இத்தாலியின் மால்பிகி 17ஆம் நூற்றாண்டிலேயே செய்து பார்த்துவிட்டார். எங்கள் கம்பிக்கு மேலே இருந்தது அதே வீக்கம்.

ஆக, எங்கள் மரத்தின் வேருக்குத் தண்ணீர் இருந்தது, சோறு இல்லை. இதை ஊகமாக விட்டுவிட மனமில்லாமல் மருந்துக்கடையில் போவிடோன் அயோடின் கரைசல் வாங்கித் தண்ணீரில் கலந்து வெளிர் தேநீர் நிறத்துக்குக் கொண்டுவந்தேன். வீக்கத்துக்கு மேலிருந்து ஒரு குச்சியையும், மண்ணுக்குள்ளிருந்து பென்சில் கனமுள்ள ஒரு வேரையும் குறுக்கே நறுக்கி ஒவ்வொரு சொட்டு விட்டேன். குச்சியின் வெட்டுமுகம் இரண்டு நிமிடத்துக்குள் கருநீலமாயிற்று, அவ்வளவு மாவுச்சத்து. வேரின் வெட்டுமுகம் அயோடினின் மஞ்சள் நிறத்திலேயே கிடந்தது. சேமித்து வைத்த மாவு தீர்ந்துபோன வேர்.

கொழுந்து வெளிறியதற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். தாது உப்புகள் தண்ணீரோடு தாமாக மேலே போய்விடுவதில்லை. வேரின் அகத்தோலில் காஸ்பேரியன் பட்டை என்ற நீர்புகா வளையம் இருப்பதால், உள்ளே நுழையும் ஒவ்வோர் அயனியும் எங்காவது ஓர் உயிருள்ள செல்லின் சவ்வைக் கடந்தே ஆக வேண்டும். பலவற்றைச் செறிவுக்கு எதிராக இழுக்க வேர் ஆற்றலைச் செலவிட வேண்டும். அந்த ஆற்றல் இலையிலிருந்து இறங்கும் சர்க்கரையே. பட்டினி கிடக்கும் வேர் இரும்பை எடுக்கத் திணறும், அதிலும் எங்கள் போர்வெல் தண்ணீர் சுண்ணாம்பு மிகுந்தது. இரும்பு முதிர்ந்த இலையிலிருந்து கொழுந்துக்கு எளிதில் இடம்பெயராததால் குறை முதலில் கொழுந்தில்தான் தெரியும். மெக்னீசியக் குறையாக இருந்திருந்தால் பழைய இலைகள் முதலில் மஞ்சளாகியிருக்கும்.

மரத்தின் அடியில், காயத்துக்குக் கீழே, முழ நீளத்தில் ஒரு துளிர் இருந்தது. வழக்கமாக அதை அப்பா மாதத்துக்கு ஒருமுறை அரிவாளால் கழித்துவிடுவார்; பொதுவாகச் சரியான பழக்கம்தான். ஆனால் இப்போது அந்த ஒரு துளிரின் இலைகள் மட்டுமே வேருக்கு நேரடியாகச் சோறு போட முடியும். அதைத் தொடக்கூடாது என்று சிவப்புத் துணி கட்டி வைத்தேன்.

மறுநாள் லால்பாக் அருகே சித்தாபுரத்தில் நர்சரி வைத்திருக்கும், ஓசூர்ப் பக்கத்துக்காரரான ஒரு பெரியவரிடம் போட்டோக்களைக் காட்டி, வெறும் கட்டையாகிவிட்ட வளையத்தைத் தாண்டி, மேல் பட்டையையும் கீழ்ப் பட்டையையும் குச்சிகளால் பாலம்போல் ஒட்டி இணைக்கலாமா என்று கேட்டேன். "பட்டை வழுகுதா பாத்தீங்களாம்மா? வழுகுற நாள்ல செஞ்சா புடிச்சுக்கும். உள்பக்கத்த மட்டும் விரலால தொட்டுடாதீங்க, காயவும் விட்டுடாதீங்க" என்றார். கொழுந்து விடும் பருவத்தில் பட்டைக்கும் கட்டைக்கும் இடையிலுள்ள கேம்பியம் சுறுசுறுப்பாகப் பெருகுவதால், கத்தி வைத்ததும் பட்டை ஈரமாக, எளிதாகப் பிரியும். அதைத்தான் அவர் வழுகுவது என்றார். புதுச் சைலத்தையும் புதுப் புளோயத்தையும் உண்டாக்குவது இந்தக் கேம்பியமே. ஒட்டு என்பது இரண்டு கேம்பியங்களைச் சந்திக்க வைக்கும் வேலைதான்.

மார்ச் முதல் வாரத்தில் காலை ஆறரைக்குத் தொடங்கினேன். அதே மரத்தில் ஓராண்டு முதிர்ந்த, பென்சில் கனமுள்ள நான்கு ஒட்டுக்குச்சிகளைத் தேர்ந்து, இலையையும் முள்ளையும் நீக்கி, ஈரத்துணியில் சுற்றினேன். ஒவ்வொன்றும் 12 செ.மீ. நீளம்: இடைவெளிக்கு நாலரை, இரு முனைகளும் பட்டைக்குள் நுழைய மும்மூன்று, மீதி ஒன்றரை வளைவுக்கு. குச்சியை விறைப்பாக நேராக வைத்தால் காற்றில் மரம் ஆடும்போது ஒட்டு விலகிவிடும். வில்போல் சற்றுப் புடைத்து நிற்க வேண்டும்.

காயத்தின் விளிம்புகளைப் புதிதாகச் சீவிப் பச்சைப் பட்டைவரை கொண்டுபோனேன். குச்சியின் இரு முனைகளிலும் ஒரே பக்கத்தில் மூன்று செ.மீ. சாய்வாக, ஒரே இழுப்பில் வெட்டினேன். இரண்டாம் இழுப்பு விழுந்தால் முகம் மேடுபள்ளமாகிக் கட்டையோடு படியாது. பின்புறம் ஒரு சிறு வெட்டுக் கொடுத்து ஆப்புபோல் கூராக்கினேன். காயத்தின் கீழ் விளிம்பில், குச்சியின் அகலத்துக்கு இரண்டு நேர்க்கீறல் போட்டதும் பட்டை நாக்குபோல் எழும்பி வந்தது. உள்ளே தெரிந்த கட்டை, வழித்த இளநீர் ஓட்டின் உட்புறம்போல வெண்மையாக, வழவழப்பாக, விரல் வைத்தால் வழுக்கிவிடும் ஈரத்தோடு இருந்தது. விரலை வைக்கவில்லை. குச்சியின் வெட்டுமுகம் அந்த ஈரக் கட்டையைப் பார்க்கும்படி நுழைத்து, பட்டை நாக்கை மேலே மூடி, அரை அங்குல மெல்லிய ஆணி ஒன்றைப் பட்டை, குச்சி இரண்டின் வழியாகவும் அடித்தேன். கீழ்முனை உறுதியானபின் குச்சியை வளைத்து மேல்முனையை அதேபோல் செருகினேன்.

இவ்வாறு நான்கு திசைகளிலும், ஏறக்குறைய ஆறு செ.மீ.க்கு ஒன்றாக. குச்சியின் மேல்முனை எது என்று தெரிய நகப்பூச்சால் புள்ளி வைத்திருந்தேன். நான்காவது குச்சி ஆணி அடிக்கும்போது பிளந்துவிட்டதால் புதிதாக ஒன்றை வெட்ட வேண்டியிருந்தது. சீவிய இடம் காய்ந்துவிடுமே என்ற பதற்றத்தில் அதற்குப் புள்ளி வைக்கவில்லை. அதன் விளைவு பின்னால் வருகிறது.

சிறிது தேங்காய் எண்ணெய் சேர்த்து இளக்கிய தேன்மெழுகை, கை பொறுக்கும் சூட்டில், எல்லா ஒட்டுமுனைகளிலும் பூசினேன். பட்டையில்லாத கட்டை மீதும் பூசினேன். இது முக்கியம்: தண்ணீர் பெரும்பாலும் கட்டையின் வெளிப்புற வளையங்களில்தான் ஏறுகிறது, வெயிலில் அது காய்ந்து வெடித்தால், இதுவரை தப்பியிருந்த தண்ணீர்ப் பாதையும் அடைபடும். தெற்கிலும் மேற்கிலும் கோணிச்சாக்கை நிழலாகத் தொங்கவிட்டேன். காயத்துக்கு எட்டாத அடிப்பகுதியில் மட்டும் பூஞ்சை தாக்காமலிருக்கப் போர்டோ பசை தடவினேன்: 100 கிராம் மயில்துத்தம், 100 கிராம் சுண்ணாம்பு, ஒரு லிட்டர் தண்ணீர், பிளாஸ்டிக் வாளியில் கலந்தது. மரத்திலிருந்த பிஞ்சுகள் அனைத்தையும் பறித்துவிட்டேன். அம்மாவுக்கு அது மிகவும் வருத்தம். உரம் எதுவும் போடவில்லை. எடுக்கச் சக்தியில்லாத வேரின் முன் உப்பைக் கொட்டுவதில் பயனில்லை.

மூன்றாம் வாரம் ஒவ்வொரு குச்சியையும் நகத்தால் லேசாகக் கீறிப் பார்த்தேன். மேற்குப் பக்கத்துக் குச்சி பழுப்பாகியிருந்தது. சாக்கு ஒருநாள் காற்றில் விலகி, பிற்பகல் வெயில் நேராக விழுந்திருந்தது. மற்ற மூன்றும் பச்சை. ஏப்ரலில் மாங்காய் மழை பெய்தபின் குச்சிகளில் மொட்டு வீங்கியது. வீங்கியவற்றை விரலால் தேய்த்து உதிர்த்தேன். அவை பாலமாக இருக்க வேண்டும், கிளையாகக் கூடாது. அப்போதுதான் வடக்குக் குச்சியில் ஒன்றைக் கவனித்தேன். இலை உதிர்ந்த வடுவுக்கு மேலேதான் மொட்டு இருக்கும்; இதில் வடுவுக்குக் கீழே இருந்தது. புள்ளி வைக்காத அந்தக் குச்சியைத் தலைகீழாகச் செருகியிருக்கிறேன்.

அது சாகவில்லை, ஒட்டவும் செய்தது. சல்லடைக் குழாய்களுக்குத் திசை என்று ஒன்று நிலையாக இல்லை. உணவு உண்டாகும் இடத்திலிருந்து தேவைப்படும் இடத்துக்கு எந்தப் பக்கமும் பாகு ஓடும். ஆனால் கேம்பியத்தைப் பெருகத் தூண்டும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் அப்படி அல்ல. அது செல்லுக்குச் செல் நுனியிலிருந்து அடியை நோக்கியே கடத்தப்படுகிறது; தலைகீழான குச்சியில் அந்த ஓட்டம் தன் திசைக்கு எதிராக நிற்கிறது. ஆகவே அது உயிரோடு இருக்கும், பருக்காது. வெர்னியர் கருவியால் இந்த மார்ச்சில் அளந்தபோது, ஒன்பது மி.மீ. கனத்தில் தொடங்கிய கிழக்குக் குச்சி 16 மி.மீ., தெற்குக் குச்சி 15 மி.மீ. ஆகியிருந்தன, வடக்குக் குச்சி பத்தைத் தாண்டவில்லை. ஒரே மரம், ஒரே நாள், ஒரே கத்தி.

ஜூன் மாதமே கொழுந்துகளின் வெளிறல் குறையத் தொடங்கியிருந்தது. தென்மேற்குப் பருவமழை முடிவதற்குள் இலைகள் நண்பகலில் குழைவதும் நின்றது. இப்போது காயத்துக்குக் கீழே சுற்றளவு 25 செ.மீ.; மேலே அதே 29தான். சென்ற வாரம் மீண்டும் ஒரு வேரை நறுக்கி அயோடின் விட்டேன். அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு நிமிடம் ஆனபோது, பட்டையை ஒட்டிய ஓரத்தில் தொடங்கிய கருமை ஆரக்கால்களைப்போல நடுவை நோக்கி மெல்லிய கோடுகளாகப் பரவியது. குச்சியின் அளவுக்கு அடர்த்தி இல்லை; ஆனால் நீலம்.

செத்த மேற்குக் குச்சியின் இடம் இன்னும் காலியாக இருக்கிறது. சிவப்புத் துணி கட்டிய துளிர் இப்போது என் இடுப்பளவு வளர்ந்து, விரல் கனம் தாண்டிவிட்டது. பட்டை வழுகத் தொடங்கியதும் அதன் நுனியைச் சீவி, வீக்கத்துக்கு மேலே மேற்குப் பக்கத்தில் செருகப் போகிறேன். அடிமுனை ஏற்கெனவே வேரோடு சேர்ந்திருப்பதால் ஒரே ஓர் ஒட்டு போதும், தலைகீழாகும் அச்சமும் இல்லை. துணிக்கொடியை அப்பா சுவரோரம் நட்ட இரும்புக் குழாய்க்கு மாற்றிவிட்டார்.